நேரப் பூட்டுப் பெட்டி: 4,200 ரூபாய்க்குப் பெறுமதியா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போனை உள்ளே வைத்துப் பூட்டுகிற இந்தப் பெட்டியைப் பிள்ளைகளுக்காக வாங்கவில்லை, எனக்காகத்தான் வாங்கினேன். வயது நாற்பத்து மூன்று. மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் வீட்டு முன் அறையில் தையல் வேலை. சாரி பிளவுஸ், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, காத்தான்குடியிலிருந்து ராத்தாமார் கொண்டுவருகிற அபாயாவுக்குக் கீழ்மடிப்பு, எல்லாம் செய்வேன். இடையில் போனில் மிட்டாய் உடைக்கிற விளையாட்டு. ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் உடைந்து கொட்டுமே, அந்த வகை. பெயர் எதற்கு, உங்கள் போனிலும் ஒன்று இருக்கும்.

கேம் பைத்தியம் என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது ஃப்ரீ பயர் ஆடுகிற பதினாறு வயதுப் பொடியன்தான். மெசினுக்கு முன்னால் குனிந்திருக்கிற பொம்பிளையும் ஆடுவாள் என்று யாரும் நினைப்பதில்லை. வாசலால் வருகிறவர்கள், "பாவம், மூச்சு விட நேரமில்லாமல் தைக்கிறா" என்பார்கள். தலை குனிந்திருப்பது துணிக்கா போனுக்கா என்று எட்டிப் பார்த்தால்தானே தெரியும்.

சரி, பெட்டிக்கு வருவோம். உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் வருகிற அளவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் திருகுகிற குமிழ், அதன் நடுவே மணியும் நிமிடமும் காட்டுகிற சின்னத் திரை. போனை உள்ளே வைத்து மூடி, குமிழைத் திருப்பி நேரத்தை வைத்து, ஒருமுறை அழுத்தினால் ஐந்திலிருந்து கீழே எண்ணத் தொடங்கும். அந்த ஐந்து விநாடிக்குள் மனம் மாறினால் மறுபடி அழுத்தி நிறுத்தலாம். எண்ணி முடிந்ததும் உள்ளே ஒரு சின்ன மோட்டார் சுற்றுகிற சத்தம் கேட்கும், நாக்கு ஒன்று வந்து விழும். அதற்குப் பிறகு வைத்த நேரம் முடியும் வரை குமிழைத் திருகினாலும் அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. கடவுச்சொல் இல்லை, சாவி இல்லை, கெஞ்சிக் கேட்க ஆளும் இல்லை.

இந்த மாதிரிப் பெட்டி அமெரிக்காவில் முதலில் சமையலறைக்குத்தான் வந்தது. பிஸ்கட்டையும் சொக்லட்டையும் தங்கள் கையிலிருந்தே காப்பாற்ற நினைத்தவர்கள் வாங்கினார்கள். இப்போது சீனாவிலிருந்து பெயர் தெரியாத கொம்பனிகளின் பெட்டிகள் எல்லா நிறத்திலும் வருகின்றன. நான் ஒன்லைனில் ஓர்டர் போட்டு, கூரியர் பொடியன் கொண்டுவந்து தந்ததும் காசு கொடுத்தேன். 4,200 ரூபாய். லைனிங் வைத்த பிளவுஸ் மூன்று நாலு தைத்த கூலி. உள்ளே ஒரு கடதாசி, சீன மொழியிலும் ஆங்கிலத்திலும். படித்து விளங்க ஒன்றும் இல்லை. திருப்பு, அழுத்து, அவ்வளவுதான்.

வேலை செய்கிறதா? செய்கிறது. ஆனால் நான் நினைத்த இடத்தில் அல்ல.

வாங்கும்போது, இதன் உபயோகம் அந்தப் பூட்டில்தான் இருக்கிறது என்று நினைத்தேன். பாவித்த பிறகுதான் தெரிந்தது, பூட்டு பெயருக்குத்தான். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குள் என் சின்னக் கத்தரிக்கோலின் நுனி தாராளமாகப் போகும். ஒரு நெம்பு நெம்பினால் பிளாஸ்டிக் நாக்கு முறிந்துவிடும். என் மேசையில் கத்தரிக்கோல் நாலு கிடக்கிறது. நான் நெம்பவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். 4,200 ரூபாய் போய்விடும் என்பது பாதிக் காரணம். மற்றப் பாதி, ஆறு மணிக்கு அதைப் பூட்டியது நான். பூட்டுகிறபோது விளக்கு வைத்து, ஒரு தேத்தண்ணி குடித்து, இன்றைக்கு இன்ன பிளவுஸ் முடிய வேண்டும் என்று எண்ணிக்கொண்டுதான் பூட்டினேன். எட்டு மணிக்குப் போனைத் தேடுகிற நான் வேறு ஆள்: கண் எரியும், முதுகு வலிக்கும், "ஒரே ஒரு ஆட்டம்" என்று சொல்வதற்கு ஆயிரம் நியாயம் வைத்திருப்பேன். அந்த எட்டு மணி ஆளிடம் முடிவைக் கொடுக்காமல் ஆறு மணி ஆளிடம் கொடுக்க வைக்கிறதுதான் இந்தப் பெட்டி செய்கிற ஒரே வேலை. ஆகவே இதில் பெறுமதியான உறுப்பு மோட்டாரும் இல்லை, நாக்கும் இல்லை. அந்த ஐந்து விநாடிதான். எண்ணி முடிய முன் இன்னொரு தரம் அழுத்தலாம், யாரும் பார்க்கவும் மாட்டார்கள். அழுத்தாமல் விடுவது முழுக்க என் பொறுப்பு.

கை பழகிப்போன விதம் பூட்டிய பிறகுதான் தெரியும். பொபினில் நூல் முடிந்ததும் என் இடது கை தானாக மேசையின் ஓரத்துக்குப் போகும். நூல் எடுக்க அல்ல, போன் எடுக்க. பூட்டிய நாட்களில் அந்தக் கை போய், அங்கே கிடக்கிற சோக்குக் கட்டியைத் தொட்டுவிட்டுச் சும்மா திரும்பி வரும். ஒரு பிளவுஸ் தைத்து முடிகிறதுக்குள் அப்படி எத்தனை தடவை போகிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். விளையாட வேண்டும் என்ற ஆசை கூட அதில் இல்லை. ஊசி நின்றால் போன், அயன் சூடாகும் வரை போன், அளவுச் சட்டையைத் தேடுகிற நேரத்தில் போன்.

அந்த விளையாட்டையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி எதற்கென்று விளங்காது. ஐந்து உயிர் தருவார்கள். தோற்றால் ஒன்று போகும். போன உயிர் திரும்பி வர அரை மணித்தியாலம். கேட்டால் கட்டுப்பாடு மாதிரித்தான் இருக்கிறது, இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். விளையாட்டே போய் வேலையைப் பார் என்று அனுப்பி வைக்கிறதே என்று. அரை மணித்தியாலத்தில் ஒரு கைக்கு லைனிங் வைத்து முடித்திருப்பேன், போன் மெல்ல ஒரு சத்தம் போடும்: உயிர் வந்துவிட்டது. ஓய்வு தருகிற மாதிரிப் போக்குக் காட்டி, என் பின்னேரத்தை அரை அரை மணித்தியாலமாக வெட்டித் தன் அளவுக்குத் தைத்து வைத்திருந்தது அது.

அப்புறம் தோற்கிற விதம். நன்றாகத் தோற்றால் போனை வைத்துவிடுவோம். இதில் அப்படித் தோற்க விடமாட்டார்கள். கடைசியில் ஒரேயொரு மிட்டாய் மிச்சம் நிற்கும். இன்னும் ஐந்து நகர்த்தல் வேண்டுமா, இவ்வளவு காசு என்று கேட்கும். காசு கொடுக்காதவர்கள் அடுத்த உயிரை எடுப்பார்கள். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எலியையும் புறாவையும் கூட்டில் வைத்துப் பார்த்த சங்கதி இது. தட்டுகிற ஒவ்வொரு தடவையும் தீனி விழுந்தால் பிராணி பசிக்குத்தான் தட்டும். எந்தத் தட்டுக்கு விழும் என்று தெரியாமல் வைத்தால் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். லெவல் எப்போது முடியும் என்று தெரியாததுதான் நம்மைப் பிடித்து வைத்திருப்பது.

இதைச் சொன்னால் என் தம்பி உடனே, "அதான் அக்கா, அவனுகள் படிச்ச ஆக்கள வச்சுச் செய்யிறானுகள். நம்மளால ஏலுமா?" என்பான். அவன் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மற்றப் பாதிக்கு என்னிடம் பாண்டிருப்புக் கதை இருக்கிறது. அம்மாவின் ஊர் அது. திரௌபதை அம்மன் கோயிலில் தீப்பள்ளயம் என்கிற தீமிதிப்புச் சடங்கு நடக்கிற பதினெட்டு நாளும் பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சகுனியின் காய் பொல்லாத காய் என்பதைக் கதை ஒளிப்பதில்லை. அதற்காகத் தருமரைச் சும்மா விட்டுவிடுவதும் இல்லை. நாட்டை வைத்தார், தம்பிமாரை வைத்தார், தன்னை வைத்தார், கடைசியில் திரௌபதையையும் வைத்தார். காயை உருட்டியது சகுனி. பந்தயத்தை ஒவ்வொரு தடவையும் சொன்னது தருமரின் வாய். இரண்டு பேரின் கணக்கும் தனித்தனிக் கொப்பி. சகுனியின் கொப்பி கறுப்பாக இருக்கிறது என்பதற்காகத் தருமரின் கொப்பியைக் கிழித்துப் போட முடியாது. கொம்பனிக்காரனைச் சட்டத்தால் பிடிக்க வேண்டியதைப் பிடிக்கட்டும். என் விரலுக்கு நான்தான் சொந்தக்காரி.

போனுக்குள்ளேயே வசதி இருக்கிறதே, பெட்டி எதற்கு என்று கேட்பீர்கள். 2018 இல் வந்த வசதி அது: ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம். ஆண்ட்ராய்டில், இந்த விளையாட்டுக்கு ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் என்று வைத்தால், முடிந்ததும் அதன் படம் சாம்பல் நிறமாகிவிடும். செட்டிங்ஸுக்குள் போய் நேரத்தைக் கூட்டினால் திரும்ப நிறம் வந்துவிடும். குறையாகச் சொல்லவில்லை. அது நினைவூட்டுகிற வேலைக்கு வந்தது, அதைச் சரியாகச் செய்கிறது. எந்தப் பொழுதில் எவ்வளவு நேரம் எதில் போகிறது என்று கணக்குக் காட்டுவதில் அதை அடிக்க ஒன்றும் இல்லை. பெட்டி வாங்க யோசிக்கிறவர்கள் முதலில் ஒரு கிழமை அந்தக் கணக்கைப் பாருங்கள். செலவில்லாத வேலை. கணக்கைப் பார்த்ததே போதும் என்று சிலர் பெட்டி வாங்காமல் விடக்கூடும், அதுவும் நல்லதுதான். விளையாட்டை அழித்துவிடுவது இன்னொரு வழி. ஆனால் லெவலெல்லாம் கணக்கில் பத்திரமாக இருக்கும், திரும்ப ஏற்ற ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் போதும்.

பெட்டி வாங்கினால் கூடவே ஒரு பட்டன் போனும் வேண்டும். இதை விற்கிறவர்கள் சொல்லமாட்டார்கள். எனக்குத் தொழில் போனில்தான். "பிளவுஸ் முடிஞ்சா?" என்று கேட்கிறவர்கள், நாளைக்குக் கலியாண வீடு என்று பதறுகிறவர்கள், எல்லாரும் எடுப்பார்கள். பழைய பட்டன் போன் ஒன்றுக்குப் புதுப் பற்றரி போட்டு, வாடிக்கையாளர்களுக்கு அந்த நம்பரைக் கொடுத்தேன். அது இல்லாமல் பெட்டியைப் பூட்டவே கூடாது என்பது என் கருத்து. கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறோம். 2004 சுனாமியைப் பார்த்த ஊர். மாரி தொடங்கினால் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வீட்டில் இருக்கிற ஒரே போனை, நானே நினைத்தாலும் திறக்க ஏலாத பெட்டிக்குள் போடுவது கட்டுப்பாடு இல்லை, மடத்தனம்.

அடுத்தது நேரம் வைக்கிற விதம். வீட்டுக்காரர் கட்டாரில். அங்கே ஏழு மணிக்கு வேலை முடிந்து அறைக்கு வந்தால் இங்கே இரவு ஒன்பதரை. வீடியோவில் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். ஆகவே ஆறு மணிக்குப் பூட்டினால் ஒன்பதேகாலுக்குத் திறக்கிற மாதிரி வைப்பேன். பெட்டியில் மணிக்கூடு கிடையாது. இத்தனை மணிக்குத் திற என்று சொல்ல முடியாது, இவ்வளவு நேரத்துக்குப் பூட்டு என்றுதான் சொல்லலாம். ஆறு பத்துக்குப் பூட்டினால் கழித்துப் பார்த்து வைக்க வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் தினமும் செய்கிறபோது எரிச்சல் தரும். அந்தக் குமிழையே நம்பி எல்லா வேலையையும் விட்டிருக்கிறார்கள்.

குமிழைப் பற்றி இன்னும் ஒன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள். மெல்லத் திருப்பினால் நிமிடம் நிமிடமாக ஏறும். வேகமாகத் திருப்பினால் மணியைத் தாண்டி நாளுக்குப் போய்விடும். என் பெட்டியில் முப்பது நாள் வரை வைக்கலாம்! யாருக்கு அது வேண்டுமோ தெரியாது. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் குமிழ் ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் தெரியும். அழுத்துவதற்கு முன் திரையில் உள்ள இலக்கத்தை இரண்டு தரம் வாசியுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள். இலக்கமும் பெரிதில்லை.

சத்தம் உள்ளேயிருந்து நன்றாகக் கேட்கும். போனை அதிர்வில் விட்டுப் பூட்டினால் பலகை மேசையில் பெட்டியோடு சேர்ந்து வண்டு மாதிரி உறுமும். தைக்கிற ஊசியில் கண் நிற்காது. ஆகவே முழுதாகச் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும். பக்கத்தில் சார்ஜர் வயர் போக ஒரு துவாரம் வைத்திருக்கிறார்கள். நான் ஒருநாளும் உள்ளே வைத்துச் சார்ஜ் போடுவதில்லை. சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே இருக்கிற அறை எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அதில் காற்றில்லாத பெட்டிக்குள் போன் சூடேறுவது எதற்கு? தடிப்பான கவர் போட்ட பெரிய போன் என்றால் கவரைக் கழற்றித்தான் வைக்க வேண்டியிருக்கும். சின்னப் பற்றரி இரண்டு போட வேண்டும், பெட்டியோடு தரமாட்டார்கள். பூட்டியிருக்கும்போது பற்றரி இறங்கிவிட்டால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க மூடியின் ஓரத்தில் ஒரு வாய் இருக்கிறது. அதைப் பார்த்து வாங்குங்கள்; அது இல்லாத பெட்டி பற்றரி செத்தால் உடைத்துத்தான் திறக்க வேண்டிவரும்.

இப்போது தம்பி வீட்டுக் கதை. என் பெட்டியைப் பார்த்ததும், "அக்கா, இத எனக்கு ஒரு கிழமைக்குத் தா" என்று கொண்டுபோனான். அவன் மகன் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறான், ஆடுவது ஃப்ரீ பயர். தகப்பன் தன் கையால் மகனின் போனைப் பூட்டி அலுமாரிக்கு மேலே வைத்தான். என்ன நடக்கும்? பொடியன் அப்பம்மாவின் போனில் தன் கணக்கைப் போட்டு ஆடினான். அதையும் பறித்தார்கள். ரியூசன் முடிந்து கூட்டாளி வீட்டில் ஆடிவிட்டு வந்தான். பெட்டி என்னிடம் திரும்பி வந்தபோது மூடியின் ஒரு மூலை வெளுத்துப் போயிருந்தது, பிளாஸ்டிக்கை வளைத்தால் வருமே, அந்த வெளுப்பு. யார் நெம்பியது என்று நான் கேட்கவில்லை. தகப்பன் தேவையே இல்லாமல் அன்று அதிக நேரம் மழையைப் பற்றிப் பேசினான்.

தகப்பனோடு கூட வந்து பெட்டியை என் கையில் தந்தது மருமகன்தான். இருத்தி வைத்துக் கேட்டேன், "ஏன் மனே, ஒரு எட்டு மணியோட விட்டா என்ன?" அவன் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. "மாமி, மேட்ச் எட்டு மணிக்கு முடியாது. நாங்க நாலு பேர் ஸ்குவாட். நான் பாதியில விட்டா மத்த மூணு பேரும் தோப்பாங்க. ஏசுவாங்க." யோசித்துப் பார்த்தால் சரிதான். ஐம்பது பேர் இறங்குகிற ஆட்டம், முடியப் பத்து நிமிடமளவில் ஆகும். மிட்டாய் உடைக்கிற எனக்குக் கூட்டாளி கிடையாது, எப்போது போனை மூடினாலும் ஒரு மிட்டாயும் என்னை ஏசாது. அவனுக்கு நாலு பேரில் ஒருவன் என்கிற கடமை இருக்கிறது. இந்தப் பெட்டி செய்தவர்களுக்கு அது தெரியவில்லை. நிமிடத்தில் அளக்கிறார்கள், பொடியன்கள் மேட்சில் அளக்கிறார்கள். "அப்ப முதலே சொல்லலாமே, இதோட கடைசி மேட்ச் எண்டு?" என்றேன். "சொல்லலாம்தான்" என்று இழுத்தான். அவன் பெட்டியைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இப்போது எட்டு மணிக்கு முன் மேட்ச் தொடங்கும்போதே, இதுதான் கடைசி என்று ஸ்குவாடுக்குச் சொல்லிவிடுகிறானாம். சில நாள் சொன்னபடி நிறுத்துகிறான், சில நாள் ஒன்பது தாண்டுகிறது என்று அவன் தாய் சொல்கிறா. தகப்பன் பூட்டிய நாட்களில் எல்லா நாளும் தாண்டியது.

பூட்டை வெளியிலிருந்து போட்டால் என்ன ஆகும் என்பதை நாடுகளே செய்து பார்த்திருக்கின்றன. தென் கொரியாவில் 2011 இல் ஒரு சட்டம்: பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை ஒன்லைன் விளையாட்டுக்குள் போக முடியாது. பிள்ளைகள் தாய் தகப்பனின் அடையாள இலக்கத்தைப் போட்டு உள்ளே போனார்கள். 2021 இல் அந்தச் சட்டத்தைக் கைவிடுவதாக அரசாங்கமே அறிவித்தது. அதே 2021 இல் சீனா எதிர்ப் பக்கம் போனது: பதினெட்டுக்குக் குறைந்தவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, அரசாங்க விடுமுறை நாட்களில் மட்டும், இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை. சிறுவர்களுக்கு வேலி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை, எட்டு வயதுப் பிள்ளையிடம் போய் உன் பொறுப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஓ.எல். படிக்கிறவனுக்கு வேலி மட்டும் போட்டால் வேலி தாண்டத்தான் பழகுவான். நாற்பத்து மூன்று வயதுக்காரிக்கு வேலி போடப் போவது யார்?

ஒன்றைக் கலக்கக் கூடாது. நான் சொல்வது பழக்கத்தைப் பற்றி. நோய் என்று ஒன்று வேறாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறையும் சேர்த்திருக்கிறது. அதில் எத்தனை மணித்தியாலம் ஆடுகிறார் என்ற கணக்கே இல்லை. பார்க்கிறது மூன்று: ஆட்டத்தைத் தன்னால் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டம் முன்னுக்கு வருவது, கெடுதி நடந்துகொண்டிருப்பது தெரிந்தும் தொடர்வது. குடும்பம், படிப்பு, தொழில் என்று வாழ்க்கை நன்றாகவே பாதிக்கப்பட்டு, வழமையாக ஒரு வருடமளவு இப்படி இருந்தால்தான் அந்தப் பெயர். விளையாடுகிற பெரும்பாலானோர் அதில் சேரமாட்டார்கள். சேர்கிறவர்களுக்கு 4,200 ரூபாய்ப் பெட்டி வைத்தியம் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் எடுத்துப் பேசலாம். "மனக்கட்டுப்பாடு இல்லாதவன்" என்று அப்படிப்பட்டவனை ஏசுவது காய்ச்சல்காரனை ஏன் சுடுகிறாய் என்று கேட்கிற வேலை. அதே நேரம், நாலு உயிர் தோற்றுவிட்டுப் படுக்கப் பிந்துகிற என்னைப் போன்றவர்கள் அந்த நோயின் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு ஒளிவதும் சரியில்லை.

நம்மால் ஏலாது என்று சொல்கிறவர்களுக்கு நான் வைகாசியைக் காட்டுவேன். கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டில் மீன் சட்டி கவிழ்ந்துவிடுகிறது! வாவி மீனும் கடல் மீனும் இல்லாமல் சோறு இறங்காத ஆக்கள். சட்டியை யாரும் பூட்டுவதில்லை, சந்தையில் மீன் விற்காமலும் இல்லை. நாள் தெரியும், தொடக்கம் தெரியும், முடிவு தெரியும், தெருவில் எல்லாரும் கூட இருக்கிறார்கள். ஆகவே முடிகிறது. பெட்டியில் அந்தக் கூட இருக்கிற ஆக்கள் இல்லை. அதுதான் அதன் பெரிய குறை என்று இப்போது நினைக்கிறேன், பற்றரியும் குமிழும் அல்ல. பக்கத்து வீட்டு அக்கா ஒருவவும் இதே மிட்டாய் விளையாட்டில் எனக்கு முன்னால் நிற்கிறா. நான் பூட்டுகிற நேரத்தில் அவவும் தன் போனை உள்ளே போடலாமா என்று கேட்டா. பெட்டியில் இரண்டு போன் கொள்ளாது. பெரிய அளவில் ஒன்று வருகிறது, விலையும் பெரிது.

சில மாதங்களாகப் பாவிக்கிறேன். எல்லா நாளும் பூட்டுவதில்லை. கலியாண மாதங்களிலும், பள்ளிக்கூடச் சட்டை குவிகிற வருடத் தொடக்கத்திலும் தினமும் பூட்டுவேன். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காலை நீட்டிக்கொண்டு ஆடுவேன், அதில் எனக்கு வெட்கமும் இல்லை. விளையாட்டு இப்போதும் போனில் இருக்கிறது. அழிக்கிற எண்ணமும் இல்லை.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன். குமிழுக்கும் மூடிக்கும் சேர்த்து ஒன்று குறைக்கிறேன், விலைக்கு அரை. தன் போனைத் தானே பூட்ட நினைக்கிற வளர்ந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை தானாகக் கேட்டால் வாங்கிக் கொடுக்கலாம். கேட்காத பிள்ளைக்கு, குடிக்கிற புருசனுக்கு, போனோடேயே கிடக்கிற மருமகளுக்கு என்று வாங்க நினைக்கிறவர்கள் அந்தக் காசுக்கு வேறு ஏதாவது பாருங்கள்.

வாங்குகிறவர்கள் கூரியர் பொடியன் நிற்கும்போதே பற்றரி இரண்டையும் போட்டு, வெறும் பெட்டியை ஒரு நிமிடத்துக்குப் பூட்டி, தானாகத் திறக்கிறதா என்று பாருங்கள். அவன் அவசரப்படுவான், பரவாயில்லை. திறந்த பிறகு காசைக் கொடுங்கள்.